வியன்னா தேசிய நூலகத்தில் ஓர் அரபுப் பற்றுச்சீட்டு

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர் பெரும்பாலும் இஸ்தான்புல், குர்துபா, கிரனாடா ஆகிய நகரங்களையே நாடுவர். அங்கெல்லாம் நம் முன்னோரின் சுவடுகள் கண்கூடாகத் தெரிவதால் அஃது இயல்பே. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா அத்தகையதன்று. 1529-இல் சுல்தான் சுலைமானும், 1683-இல் உஸ்மானியப் பேரரசின் தலைமை அமைச்சர் காரா முஸ்தஃபா பாஷாவும் முற்றுகையிட்டு, கைக்கொள்ளாமலே திரும்பிய நகரம் அது. அரபுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அங்குக் காண்பதற்கு என்ன இருக்கப்போகிறது என்றே நாமும் எண்ணியிருந்தோம். நம் மூத்த மகன் பணி நிமித்தம் அந்நகரில் தங்கியிருந்தமையால் இரு வாரங்கள் அங்குக் கழிக்க நேர்ந்தது. "வாப்பா, உங்களுக்கு அரண்மனையும் பூங்காவும் வேண்டாம், கிதாபு இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போகிறேன்" என்று அவர் அழைத்துச் சென்ற இடம் ஆஸ்திரியத் தேசிய நூலகம். இரண்டு நாட்களை அங்கே கழித்தோம். அவ்விரண்டு நாட்களும் நாம் பல்லாண்டுகளாக நடத்திவந்த பாடம் ஒன்றைத் திருத்தும்படி செய்துவிட்டன. அதனை விளக்குவதற்காகவே இக்கட்டுரை.

முதற்கண் நூலகத்தைப் பற்றிச் சில செய்திகள். ஹாப்ஸ்பர்க் மரபினர் ஆறு நூற்றாண்டுக்கும் மேலாக ஆஸ்திரியாவை ஆண்டனர். அவர்களுடைய அரண்மனை நூல் தொகுப்பே இந்நூலகத்தின் வித்து. 1368-இல் எழுதி முடிக்கப்பட்ட நற்செய்தி ஏடு ஒன்று அதன் மூல நூலாகப் போற்றப்படுகிறது. 1575-இல் ஹ்யூகோ பிளோட்டியஸ் என்பார் முதல் நூலகராக முறைப்படி அமர்த்தப்பட்டார். நெடுங்காலம் அரசவை நூலகம் என்றே வழங்கிய இது, 1918-இல் பேரரசு வீழ்ந்து குடியரசு அமைந்தபின் 1920-இல் தேசிய நூலகம் எனப் பெயர் பெற்றது. இன்று இந்நூலகம் ஒரே கட்டடத்தில் இல்லை என்பதைப் பயணி முன்னரே அறிந்துகொள்வது நன்று. பழைய பெருமண்டபம் யோசஃப் சதுக்கத்தில் இருக்கிறது. இக்கால வாசகசாலைகளும் பாப்பிரஸ் அருங்காட்சியகமும் வீரர் சதுக்கத்தை நோக்கிய புதிய அரண்மனைப் பகுதியில் இருக்கின்றன. உலக உருண்டைகளின் அருங்காட்சியகமும் எஸ்பெராந்தோ மொழி அருங்காட்சியகமும் வேறொரு மாளிகையில் உள்ளன. சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் முதலாவதைப் பார்த்துவிட்டு, அடுத்துள்ள குதிரைப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுகிறது.

அந்த முதலாவதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பேரரசர் ஆறாம் சார்லஸின் ஆணைப்படி யோஹான் பெர்ன்ஹார்டு ஃபிஷர் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டத்தை, அவர் மறைந்தபின் அவர்தம் மகன் 1723 முதல் 1726 வரை கட்டி முடித்தார். ஏறத்தாழ 80 மீட்டர் நீளமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட ஒரே மண்டபம். நடுவே 30 மீட்டர் உயரத்தில் குவிமாடம். 'ஆடம்பர மண்டபம்' என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள், பெயரில் பொய்யில்லை. சுவர்களில் இரண்டடுக்கு மர அலமாரிகளில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பழைய நூல்கள். சில அலமாரிகள் கதவைப்போல் திறக்கின்றன; அவற்றின் பின்னே சிறு அறைகளும் நூல்களால் நிறைந்துள்ளன. தளத்தில் வெனிஸ் நகரத்துக் கொரோனெல்லி என்னும் துறவி செய்த நான்கு பெரிய உருண்டைகள். இரண்டு பூமிக்குரியவை, இரண்டு விண்ணுக்குரியவை. நடுவில் பேரரசரின் பளிங்குச் சிலை. தலைக்கு மேல் டானியல் கிரான் என்னும் ஓவியர் 1730-இல் முடித்த சுவரோவியம் பேரரசரின் புகழ் பாடுகிறது. ஒரு சிறகின் ஓவியங்கள் போரையும் மறு சிறகின் ஓவியங்கள் அமைதியையும் பொருளாகக் கொண்டவை.

நூலகம் என்றால் படிப்பதற்கு உரியது. இம்மண்டபமோ முதன்மையாகப் பார்ப்பதற்கு உரியது. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததே தவிர, எந்த நூலின் பெயரையும் நம்மால் வாசிக்க இயலவில்லை. ஒளி வீச்சின்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தினரும் அலமாரிகளை எடுத்தனரேயன்றி நூல்களை எடுத்ததாகத் தெரியவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அரசர் எந்நோக்கத்தோடு கட்டினாரோ அந்நோக்கம் மூன்று நூற்றாண்டு கழிந்தும் நிறைவேறிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் குறிப்பிடுகிறோம். நூல்களின் பாரமும் குவிமாடத்தின் பாரமும் சேர்ந்து கட்டி முடித்த சில பத்தாண்டுகளிலேயே சுவர்கள் விரிசல் கண்டன என்பதும், 1760-களில் பக்காசி என்னும் கலைஞர் வந்து வலுப்படுத்தியிராவிட்டால் குவிமாடம் நின்றிருக்காது என்பதும் வழிகாட்டி நூல்கள் தரும் செய்தி.

குவிமாடத்தின் அடியில் நீள்வட்டமாகச் சூழ்ந்திருக்கும் அலமாரிகளில் மட்டும் நூல்களின் முதுகு ஒரே சீராகச் சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூன்று நிறத் தோலில் இருப்பதைக் காணலாம். வரலாறும் இலக்கியமும் சிவப்பு. இறையியலும் சட்டமும் கருநீலம். இயற்கை அறிவியல் மஞ்சள். சுமார் 15,000 தொகுதிகள் கொண்ட இத்தொகுப்பு சவோய் இளவரசர் யூஜின் என்பாருடையது. அவர் மறைவுக்குப்பின் அவருடைய உறவினப் பெண்ணிடமிருந்து 1738-இல் பேரரசர் விலைக்கு வாங்கினார். இப்பெயர் உஸ்மானிய வரலாறு படித்தோர்க்குப் புதிதன்று. 1683-இல் வியன்னா மீட்புப் போரில் இளைஞராகக் கலந்துகொண்டவரும், 1697-இல் ஸெந்தா என்னுமிடத்தில் உஸ்மானியப் படையை முறியடித்தவரும், 1717-இல் பெல்கிரேடைக் கைப்பற்றியவரும் இவரே. நம் வரலாற்று நூல்களில் எதிரியாக மட்டுமே அறிந்திருந்த ஒருவர், நிறம் பிரித்து நூல் கட்டுவித்து வைத்திருந்த வாசகர் என்பதை அங்கு நின்றபோதுதான் அறிந்தோம். வாளோடு வந்தவர் நூலோடும் வாழ்ந்தார் என்பதில் நாம் வியப்பதற்கில்லை; அந்த உஸ்மானிய அரசவையிலும் அத்தகையோர் பலர் இருந்தனர்.

கீழ்த்திசைக் கையெழுத்து நூல்கள் பயணிகளின் கண்ணில் படுவதில்லை. அவை பாதுகாப்பறையில் உள்ளவை. அரபு, பாரசீகம், துருக்கி ஆகிய மும்மொழிக் கையெழுத்து நூல்களுக்கு குஸ்தாவ் ஃப்ளூகல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1865 முதல் 1867 வரை மூன்று தொகுதிகளில் அட்டவணை வெளியிட்டார். ஹாஜி கலீஃபாவின் 'கஷ்ஃபுள் ளுனூன்' நூலை முதலில் அச்சேற்றியவரும், திருக்குர்ஆன் சொல்லடைவு ஒன்றை 1842-இல் வெளியிட்டவரும் இவரே என்பதால் நம் கல்லூரிகளில் இவர் பெயர் அறியப்பட்டதே. அவருக்கு முந்திய தலைமுறையில் வியன்னாவில் வாழ்ந்தவர் யோசஃப் ஃபொன் ஹாமர். ஹாஃபிளின் திவானை 1812-13-இல் இவர் ஜெர்மனில் பெயர்த்தார். அதனைப் படித்த கவிஞர் கோதே 1819-இல் தம் 'மேற்கு-கிழக்கு திவான்' நூலை வெளியிட்டார். உஸ்மானிய வரலாற்றைப் பத்துத் தொகுதிகளில் எழுதியவரும் ஹாமரே. இந்நூல்களில் சில போரில் கைப்பற்றப்பட்டு வந்தவை, வேறு பல விலைக்கு வாங்கப்பட்டவை. எல்லாமே கொள்ளை என்று கொதிப்பதும், எல்லாமே அறிவுத் தேட்டம் என்று மகிழ்வதும் இரண்டுமே ஆராயாமல் பேசுவதாகும்.

விலைக்கு வாங்கியவற்றுள் ஒன்றை இங்குக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூலுக்கு, ஏறத்தாழ கி.பி. 512-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஓர் அரசகுலப் பெண்மணிக்காக எழுதப்பட்ட படி இந்நூலகத்தில் இருக்கிறது. முழுப்பக்கத் தாவரப் படங்கள் நானூற்றை நெருங்கும். படங்களின் பக்கத்தில் பிற்காலத்தவர் அரபு, துருக்கி, ஹீப்ரு மொழிகளில் மூலிகைப் பெயர்களைக் குறித்து வைத்துள்ளனர். சுல்தான் சுலைமானின் அரண்மனையில் பணியாற்றிய யூத மருத்துவரின் குடும்பத்தில் இருந்த இந்நூலை, அங்குத் தூதராக இருந்த புஸ்பெக் என்பார் கண்டு பேரரசருக்கு எழுதினார். 1569-இல் அது வியன்னா வந்து சேர்ந்தது. பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் துணைவரும் அரபாக்கிய அதே நூல்தான் இது. இப்னுல் பைத்தார் தம் மருந்தியல் களஞ்சியத்துக்கு அடிப்படையாகக் கொண்டதும் இதன் அரபு வடிவத்தையே. பன்னூறாண்டுக் காலம் ஒருவர் கை மாறி ஒருவர் பயன்படுத்திய ஏட்டின் ஓரக் குறிப்புகளைப் படிப்பது, நூலைப் படிப்பதினும் சுவையானது. மூலத்தை வழக்கமாகக் காட்சிக்கு வைப்பதில்லை. அதன் அச்சுப் பிரதியைக் கொண்டே நிறைவுகொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் வீரர் சதுக்கத்துக்குச் சென்றோம். மண்டபத்திலிருந்து அரண்மனை முற்றத்தின் வழியே நடந்து சென்றுவிடும் தொலைவுதான். சதுக்கத்தில் அதே யூஜின் இளவரசர் குதிரைமீது வெண்கலச் சிலையாக நிற்கிறார், 1865-இல் நிறுவியது. அவருக்குப் பின்னால் வளைந்து நிற்கும் புதிய அரண்மனையின் மாடத்திலிருந்துதான் 1938 மார்ச் 15 அன்று ஹிட்லர், ஆஸ்திரியாவைத் தம் நாட்டோடு இணைத்துக்கொண்டதைக் கூட்டத்தின் முன் அறிவித்தார். அதன்பின் ஏழாண்டுகள் இந்நூலகத்தின் தலைமை நாஜிக் கட்சியினர் கையில் இருந்தது. யூதர் முதலியோரின் வீடுகளிலிருந்து பறித்த நூல்கள் இங்கு வந்து குவிந்தன. அந்நூல்களை இனங்கண்டு 2003-இல் நூலகமே ஓர் அறிக்கை தயாரித்து, உரியவர்களின் வழித்தோன்றல்களைத் தேடித் திருப்பித் தரத் தொடங்கியது. தன் பெருமையை மண்டபமாகக் காட்டும் நிறுவனம், தன் சிறுமையையும் பட்டியலிட்டது பாராட்டுக்குரியது.

பாப்பிரஸ் அருங்காட்சியகம் அளவில் சிறியது; விளக்கொளி மங்கலாக வைக்கப்பட்டுள்ளது. முதல் நாள் பார்த்த பளிங்கும் பொன்னும் இங்கில்லை. நாம் சென்ற வேளையில் எம்மோடு நான்கைந்து பேரே இருந்தனர்.

பாப்பிரஸ் என்பது நைல் ஆற்றோரம் வளர்ந்த ஒருவகைக் கோரைத் தண்டை நீளவாக்கில் கீற்றுகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்திச் செய்யப்பட்ட ஏடு. அரபியில் இதனைக் குறிக்க வழங்கிய 'கிர்த்தாஸ்' என்னும் சொல் ஸூரத்துல் அன்ஆமில் வந்திருப்பதை வாசகர் அறிவர். 1870-களின் இறுதியில் எகிப்தின் ஃபய்யூம் பகுதியில் உழவர்கள் பாழடைந்த ஊர்மேடுகளைத் தோண்டினர். புதையலுக்காக அன்று, அம்மேட்டு மண் வயலுக்கு நல்ல உரம் என்பதற்காக. அப்போது பழைய குப்பைகளோடு ஏடுகளும் பெருமளவில் வெளிப்பட்டன. வியன்னாவைச் சேர்ந்த தியோடோர் கிராஃப் என்னும் கம்பள வணிகர் அவற்றை வாங்கி அனுப்பினார். அவற்றின் மதிப்பை உணர்ந்தவர் யோசஃப் கரபாச்செக் என்னும் அரபுப் பேராசிரியர். அவருடைய தூண்டுதலால் ரைனர் என்னும் அரசகுலத்தவர் 1883 முதல் அவற்றை விலைகொடுத்து வாங்கி, 1899-இல் பேரரசருக்குப் பிறந்தநாள் பரிசாக வழங்கினார். பேரரசர் நூலகத்துக்குக் கொடுத்தார். அவ்வாண்டே கரபாச்செக் நூலகத்தின் தலைவரும் ஆனார். இன்று ஏறத்தாழ 1,80,000 உருப்படிகள். கிரேக்கம், காப்டிக், அரபு, பஹ்லவி எனப் பல மொழிகள். அரபுக்குரியவை மட்டுமே பல்லாயிரம். 2001-இல் யுனெஸ்கோ இத்தொகுப்பை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

அத்தொகுப்பில் பாப்பிரஸ் மட்டுமன்றி அரபியர் செய்த காகிதங்களும் ஏராளம். அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் சிலர், பழைய அரபுக் காகிதம் பஞ்சினால் செய்யப்பட்டதென்றும், கந்தல் துணியிலிருந்து காகிதம் செய்யும் முறையை ஐரோப்பியரே பின்னர்க் கண்டறிந்தனர் என்றும் எழுதிவந்தனர். 1887-இல் தாவரவியலாளர் வீஸ்னர் இத்தொகுப்பின் காகிதங்களை நுண்ணோக்காடியில் வைத்துச் சோதித்தார். அவை சணல்நார்த் துணிக் கந்தலால் ஆனவை என்று மெய்ப்பித்தார். கரபாச்செக் அரபு நூல் சான்றுகளைக் கொண்டு அதனை உறுதி செய்தார். நம் முன்னோரின் கைத்திறனைப் பற்றிய ஒரு பொய் வியன்னாவில்தான் முறிந்தது. இதை நாமே செய்திருக்கலாம் என்று தோன்றாமலில்லை.

இனி, இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருகிறோம். 1894-இல் ரைனர் தொகுப்பின் கண்காட்சிக்காக வெளியிட்ட வழிகாட்டி நூலில் 558 என்று எண்ணிடப்பட்ட ஏடு ஒன்றுண்டு. அவ்வெண்ணாலேயே இன்றும் அறிஞர் அதனைச் சுட்டுவர். எந்த ஏட்டை எப்போது காட்சியில் வைப்பார்கள் என்று சொல்வதற்கில்லையாயினும், நூலகத்தின் இணைய அட்டவணையில் ஏடுகளின் படிமங்களை யாரும் காணலாம். நாமும் அன்றிரவு மகனின் மடிக்கணினியில்தான் அதைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாக வாசித்தோம். அருங்காட்சியகத்தில் நின்று பார்ப்பதைவிட அது வசதியாகவே இருந்தது.

அது ஒரு பற்றுச்சீட்டு. மேலே கிரேக்கம், கீழே அரபு. எகிப்தில் அரபியர் இஹ்னாஸ் என்றழைத்த ஹிராக்கிளியோபோலிஸ் நகரத்தில், அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்னும் படைத்தலைவர் தம் தோழர்களோடு அறுப்பதற்காக ஆடுகளைப் பெற்றுக்கொண்டதற்கு எழுதிக்கொடுத்தது. அவ்வட்டாரத்தின் நிர்வாகிகளாக இருந்த கிறிஸ்தவச் சகோதரர் இருவரின் பிரதிநிதிகளிடமிருந்து ஐம்பது ஆடுகளும், மேலும் பதினைந்து ஆடுகளும், ஆக அறுபத்தைந்து. கப்பலோட்டிகளுக்கும் குதிரைப் படையினருக்கும் கவசம் பூண்ட காலாட்படையினருக்கும் உணவாக. பிஸ்மில்லாஹ் முழுமையாக எழுதித் தொடங்குகிறது. ஜுமாதல் ஊலா மாதம், இருபத்திரண்டாம் ஆண்டு என்று முடிகிறது. எழுதியவர் இப்னு ஹதீத் என்று தம் பெயரையும் குறித்திருக்கிறார். கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்னும் கிறிஸ்தவத் திருத்தொண்டர். ஏட்டின் பின்புறம் ஒரு கிரேக்கக் குறிப்பு: வந்து சேர்ந்த முஹாஜிர்களுக்கு ஆடுகள் கொடுத்தமைக்கான ஆவணம், அவ்வாண்டு வரிக்கு முன்செலுத்தியதாகக் கொள்ளப்படும் என்பது அதன் கருத்து.

ஹிஜ்ரி 22 என்றால் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எகிப்தை வென்று, ரோமானியப் படை அலெக்சாந்திரியாவை விட்டு வெளியேறி ஓராண்டுகூட நிறையவில்லை. நாள் குறித்தும் ஐயமில்லை. அரபுப் பகுதியில் மாதமும் ஆண்டும் மட்டுமே உள்ளன; 'ஹிஜ்ரத்' என்னும் சொல் அதில் இல்லை. ஆயின் கிரேக்கப் பகுதியில் எகிப்திய நாட்காட்டியின்படி ஃபர்மூத்தி மாதம் முப்பதாம் நாள் என்றும், ரோமானிய வரிச்சுற்றின் முதலாண்டு என்றும் குறித்திருக்கிறார்கள். அது கி.பி. 643 ஏப்ரல் 25. அந்நாள் ஹிஜ்ரி 22-ஆம் ஆண்டின் ஜுமாதல் ஊலாவிற்குள் சரியாக அமைகிறது. உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 16 அல்லது 17-இல் ஆண்டுக் கணக்கை நிறுவினார்கள் என்று நம் வரலாற்றாசிரியர் எழுதிவைத்ததை, நைல் கரையில் ஒரு படைமுகாமின் கணக்கர் தம்மையறியாமல் உறுதி செய்திருக்கிறார். முதல் நூற்றாண்டு இஸ்லாமிய வரலாறெல்லாம் பிற்காலத்தார் புனைந்தது என்று மேலைநாட்டார் சிலர் எழுதியதுண்டு. அவர்களுக்கு மறுமொழியாகப் பெரிய கிரந்தங்களை எடுத்து வைப்பதைவிட இந்த ஆட்டுக் கணக்கை எடுத்து வைப்பது பொருத்தம். ஆட்டுக் கணக்கைப் புனைவார் எவருமில்லை.

அதே வேளையில் இதனை மிகைப்படுத்தவும் வேண்டா. நம் பேச்சாளர் சிலர் இதைக் கேள்வியுற்றால், வென்ற படை விலைகொடுத்து ஆடு வாங்கியது என்று மேடையில் முழங்கக்கூடும். ஏடு அப்படிச் சொல்லவில்லை. இது படைக்கான கட்டாயக் கொள்முதல். வரியில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு. ரோமானியர் காலத்திலிருந்தே அந்நாட்டில் நடந்துவந்த முறை. வந்தவர்கள் அம்முறையைக் கலைக்காமல், பெற்றதற்கு எழுத்தில் பொறுப்பேற்றுக் கையளித்தார்கள் என்பதுதான் ஏடு காட்டும் உண்மை. அதுவே போதுமான பெருமை.

அரபு மொழி கற்பிப்போர்க்கு இவ்வேட்டில் விருந்தே இருக்கிறது. நிர்வாகிகளின் 'பிரதிநிதி' என்பதற்கு அரபு எழுத்தர் ஆண்டிருக்கும் சொல் 'கலீஃபா'. அமீருல் முஃமினீன் உமர் (ரலி) வாழ்ந்த காலத்திலேயே, ஒரு கிறிஸ்தவ அதிகாரியின் ஆளைக் குறிக்க அச்சொல் தன் எளிய அகராதிப் பொருளில் வழங்கியிருக்கிறது! 'ஜாபிர்', 'அஸ்ஹாப்' ஆகிய சொற்களில் நடுவிலுள்ள நெட்டுயிர் அலிஃப் எழுதப்படவில்லை. உஸ்மானிய முஸ்ஹஃபின் ரஸ்மில் நாம் காணும் அதே வழக்கம். தியோடோராக்கியோஸ் என்னும் கிரேக்கப் பெயர் 'தத்ராக்' என்று சுருங்கியிருக்கிறது. நம் செவிக்கும் அதுவே எளிது.

இவற்றினும் முதன்மையானது எழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள். ஜீம், கா, தால், ஸாய், ஷீன், நூன் ஆகிய எழுத்துகள் சில இடங்களில் புள்ளியோடு எழுதப்பட்டுள்ளன. எல்லா இடத்திலும் அன்று; எழுத்தர் தமக்குத் தேவையெனத் தோன்றிய இடத்தில் மட்டும். மெல்லிய சிறு கோடுகள்போல் தெரியும் அவற்றைத் திரையில் கண்டபோது நாம் சற்று நேரம் பேசவில்லை. ஏனெனில் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் மாணவர்க்குக் கரும்பலகையில் எழுதிக்காட்டிய பாடம் வேறு. உயிர்க்குறிக்கான புள்ளிகளை அபுல் அஸ்வத் அத்துஅலீ (மறைவு ஹி. 69) இட்டார், உருவொத்த எழுத்துகளைப் பிரித்துக்காட்டும் புள்ளிகளை ஹஜ்ஜாஜின் ஏவலால் நஸ்ர் இப்னு ஆஸிமும் யஹ்யா இப்னு யஃமரும் 'கண்டுபிடித்தனர்', இன்றைய ஃபத்ஹா, ளம்மா, கஸ்ரா வடிவங்களை கலீல் இப்னு அஹ்மது அமைத்தார் என்பது அப்பாடம். இதில் இரண்டாம் கூற்றை 'கண்டுபிடித்தனர்' என்னும் சொல்லோடு இனிச் சொல்ல இயலாது. ஹஜ்ஜாஜ் இராக்கின் ஆளுநராவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இப்னு ஹதீத் தம் பேனாவால் புள்ளி வைத்துவிட்டார்.

இவ்வேடு தனித்த சான்றும் அன்று. ஹிஜாஸில் பாறையில் ஸுஹைர் என்பார் உமர் (ரலி) மறைந்த காலத்தைக் குறித்து ஹிஜ்ரி 24-இல் வெட்டிய எழுத்திலும், தாயிஃபுக்கருகே முஆவியா (ரலி) காலத்தில் ஹிஜ்ரி 58-இல் கட்டிய அணையின் கல்வெட்டிலும் புள்ளிகள் உள்ளன. அப்படியானால் நம் மரபு தவறா? இங்குதான் நிதானம் வேண்டும். நம் அறிஞர் பெருமக்களின் நூல்களை மீண்டும் புரட்டினோம். இப்னுல் ஜஸரீ (மறைவு ஹி. 833) தம் 'அந்நஷ்ர்' நூலில், நபித்தோழர்கள் முஸ்ஹஃபுகளை எழுதியபோது நபி (ஸல்) அவர்களிடமிருந்து வந்த பல்வேறு ஓதுமுறைகளுக்கும் இடந்தரும் பொருட்டு அவற்றைப் புள்ளியும் குறியும் இன்றி வெறுமையாக விட்டார்கள் என்கிறார். இல்லாத ஒன்றை ஒருவர் எப்படி நீக்கி எழுத முடியும்? அவருடைய கூற்றிலேயே புள்ளி முன்னரே இருந்தது என்பது அடங்கியிருக்கிறது. அவர் காலத்தவரான கல்கஷந்தீ 'ஸுப்ஹுல் அஃஷா'வில் இன்னும் வெளிப்படையாக, இத்தனை எழுத்துகள் ஒரே உருவில் இருக்க, முஸ்ஹஃபுக்குப் புள்ளியிடும் வரை அவை புள்ளியே இல்லாதிருந்தன என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்தை எழுதியிருக்கிறார். ஆகவே நஸ்ரும் யஹ்யாவும் செய்தது கண்டுபிடிப்பன்று. அங்காடியிலும் கணக்கிலும் ஆங்காங்கு வழங்கிய புள்ளியை முறைப்படுத்தி, முஸ்ஹஃப் முழுமைக்கும் பரவச் செய்ததே அவர்தம் தொண்டு. அத்தொண்டு இதனால் சிறிதும் குறையவில்லை. நம் மரபும் பொய்க்கவில்லை. மரபை நாம் சுருக்கிச் சுருக்கிப் பாடப்புத்தக வரியாக்கியதுதான் பொய்த்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இச்செய்தியை அறிய நாம் வியன்னா வரை சென்றிருக்க வேண்டியதேயில்லை. அடால்ஃப் குரோமன் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வேட்டைப் பதிப்பித்துவிட்டார். இவ்வேட்டை அறிவுலகம் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை என்னும் குறையை முன்வைத்து, அதன் புள்ளிகளையும் ஆண்டுக் கணக்கையும் ஆராய்ந்து ஆலன் ஜோன்ஸ் என்னும் ஆக்ஸ்ஃபோர்டு அரபுப் பேராசிரியர் 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். எங்கே? நம் ஹைதராபாத்திலிருந்து வெளிவந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' காலாண்டிதழில்! அவ்விதழின் பழைய கட்டுகள் நாம் பணியாற்றும் கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில் இருக்கின்றன. ஊர் திரும்பிய மறுநாளே போய்த் தேடினோம். 1998-ஆம் ஆண்டின் நான்காம் இதழ் இருந்தது; அட்டையின் மேல் தூசி, உள்ளே சில தாள்கள் ஓரம் பிரிக்கப்படாமலே இருந்தன. அக்கல்லூரியில் அவ்வாண்டும் ஆசிரியராக இருந்தவர்களுள் நாமும் ஒருவர்.

ஃபய்யூமின் ஏடுகள் பிழைத்ததற்குக் காரணம் யாரும் அவற்றைப் பேணியது அன்று. வறண்ட மண்ணில் குப்பையாக எறிந்ததுதான். நம் நாட்டு மழைக்கும் கறையானுக்கும் அப்படி எறிய முடியாது. நம் பாட்டனாரின் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி நிறைய அரபுத்தமிழ்க் கையேடுகளும் சரக்குக் கணக்குகளும் இருந்தன. வீட்டைப் புதுப்பித்தபோது, அல்லாஹ்வின் திருப்பெயர் எழுதிய தாள்கள் காலில் படலாகாது என்ற பேணுதலால், அனைத்தையும் மூட்டையாகக் கட்டிக் கிணற்றில் இறக்கினோம். அப்போது நமக்கு வயது பதினாறு. மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தது நாம்தான். கிதாபுகளுக்கு அந்த மரியாதை உரியதே. கணக்குகளையாவது பிரித்து எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வியன்னா செல்லும் வாசகர்க்கு ஒரு சொல். பெருமண்டபத்துக்கு ஒரு மணி நேரம் போதும். பாப்பிரஸ் அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்குக. செல்லுமுன் நூலகத்தின் இணைய அட்டவணையில் அரபு ஏடுகள் சிலவற்றைப் பார்த்து, ரஸ்மைப் பழகிக்கொண்டு செல்வது நன்று. புள்ளியில்லா எழுத்தை முதற்பார்வையில் படிக்க ஆலிம்களுக்கும் சிறிது தடுமாறும்.

புதிய கல்வியாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் வகுப்பு மாணவர்க்கு அப்பாடம் வந்தது. நம் பழைய குறிப்பேட்டில் 'கண்டுபிடித்தனர்' என்ற சொல்லை அடித்து, மேலே 'முறைப்படுத்தினர்' என்று எழுதி, ஏட்டின் படிமத்தை மாணவரிடையே சுற்றுக்கு விட்டு, நடந்ததைச் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், அப்படியானால் பரீட்சையில் எதை எழுதுவது?" என்று கேட்டார். பாடநூலில் இருப்பதை எழுதி, அதன் கீழே அறுபத்தைந்து ஆடுகளையும் எழுதச் சொன்னோம்.